கத்திரிக்கு முந்தைய இரண்டு வாரங்கள்

கத்திரி வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் பல வீடுகளில் இருக்கிறார்கள். அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். ஜன்னலுக்குத் தட்டி கட்டுவது, பானை வாங்கி மணலில் வைப்பது, பிள்ளைகளை மதியம் வெளியே விடாமல் பிடித்து வைப்பது எல்லாம் அந்த நாட்களை மனதில் வைத்துத்தான். ஆனால் ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருக்கிற வீட்டில் இந்த ஏற்பாடெல்லாம் பங்குனியிலேயே ஆகியிருக்க வேண்டும். ஏன் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். டீ எடுத்துக்கொள்ளுங்கள்.

சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவது மே மாதத்தில் அல்ல, ஏப்ரலில். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10, 11 வாக்கில், எங்கள் திருச்சியில் 18 வாக்கில், சென்னையில் 24 வாக்கில். அன்று உச்சிப் பொழுதில் நிமிர்த்தி வைத்த தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கவாட்டில் நிழலே விழாது. திருச்சியில் அந்த நேரம் பகல் 12:15 வாக்கில் வரும். பாட்டிலை மொட்டை மாடியில் வைத்துவிட்டு, பிள்ளையைப் படிக்கட்டு நிழலிலேயே நிறுத்திக் காட்டுங்கள். நாலு வயதுப் பிள்ளை அதை மறக்காது. சூரியன் ஏப்ரலிலேயே உச்சிக்கு வந்துவிடுகிறதே, பிறகு மே ஏன் இன்னும் கொதிக்கிறது? தரையும் சுவரும் காற்றும் வாங்குகிற வெப்பம் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகிறது. பகலில் பன்னிரண்டு மணியைவிட இரண்டரை மணி சுடுவதற்கும் இதுதான் காரணம்.

இன்னொரு கணக்கு நம் உடம்புக்குள்ளே நடக்கிறது. வெயிலுக்குப் பழக உடம்புக்குக் காலம் வேண்டும். வளர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ பத்து முதல் பதினான்கு நாள். அந்த நாட்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை முன்பைவிடச் சீக்கிரம் சுரக்கத் தொடங்குகிறது, அதில் வெளியேறும் உப்பு குறைகிறது. சிறு பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் இன்னும் மெதுவாகத்தான் வரும். அதனால்தான் பருவத்தின் தொடக்கத்தில் வரும் வெப்ப அலை, அதே அளவில் பின்னால் வருவதைவிட அதிகத் தீங்கு செய்கிறது. பல நாடுகளில் ஆராய்ந்து கண்ட உண்மை இது. மே மாதத்து 40 டிகிரியைத் தாங்கும் பிள்ளை ஏப்ரல் தொடக்கத்து 38 டிகிரியில் துவண்டுபோகிறது என்றால் அது செல்லமும் இல்லை, சத்துக் குறைவும் இல்லை.

எங்கள் மேல்வீட்டுப் பெண்ணுக்கு நாலு வயதில் ஒரு பையன், நாலு மாதத்தில் ஒரு பெண் குழந்தை. சாயங்காலம் டீ குடிக்கக் கீழே வருவாள். "அக்கா, எனக்கே இவ்வளவு வேர்க்கல. இவன் மட்டும் ஏன்க்கா தக்காளி மாதிரி சிவந்து போறான்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அடுப்பிலிருந்து இறக்கிய டீயைப் பாத்திரத்திலேயே விட்டால் வெகுநேரம் சூடாக இருக்கும். அதையே சின்ன டம்ளரில் ஊற்றினால் சட்டென்று ஆறிவிடும். உள்ளே இருப்பது கொஞ்சம், காற்று படுகிற பரப்பு அதிகம். குழந்தையின் உடம்பும் அப்படித்தான். மூன்று கிலோ எடையுள்ள சிசுவுக்குத் தோல் பரப்பு ஏறத்தாழ 0.2 சதுர மீட்டர். அறுபது கிலோ ஆளுக்கு 1.6 சதுர மீட்டர் சொச்சம். ஒரு கிலோவுக்கு எவ்வளவு தோல் என்று வகுத்துப் பார்த்தால் சிசுவுக்கு நம்மைப்போல் இரண்டரை மடங்கு வருகிறது. காற்று தோலைவிடக் குளிர்ந்திருக்கும்வரை இது அனுகூலம். தோலின் வெப்பம் 33 முதல் 35 டிகிரி. வெளிக்காற்று அதைத் தாண்டியதும் அதே பரப்பு வழியாக வெப்பம் உள்ளே ஏறத் தொடங்குகிறது, நம்மைவிட வேகமாக.

அப்போது மிச்சமிருக்கும் ஒரே வழி வியர்வை. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைத் தோலிலிருந்து எடுத்துப் போகிறது. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி போதும் என்று நினைத்தால் இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். குழந்தைக்கு வியர்வைச் சுரப்பிகள் எண்ணிக்கையில் குறைவில்லை, ஆனால் ஒவ்வொன்றும் சுரக்கும் அளவு நம்முடையதைவிடக் குறைவு. கிடைக்கிற கொஞ்ச வியர்வையும் ஆவியாக வேண்டும். சொட்டிப்போகும் வியர்வையால் பயனில்லை. துடைத்தெடுத்த வியர்வையாலும் இல்லை. ஆகவே காய்ந்த துண்டால் அழுத்தித் துடைக்காதீர்கள். ஈரத்துணியால் கழுத்து, அக்குள், முழங்கால் மடிப்பு எல்லாம் ஒற்றிவிட்டு, ஈரம் இருக்கும்படியே விட்டு, காற்று படச் செய்யுங்கள். காற்று 40 டிகிரியைத் தாண்டும்போது வெறும் மின்விசிறி உடம்பைக் குளிர்விக்காது, இன்னும் சூடேற்றும் என்று உலகச் சுகாதார அமைப்பு எச்சரிக்கிறது. அத்தகைய மதியத்தில் ஈரம்தான் முக்கியம்.

சென்னைக்காரர்களுக்கு இதில் கூடுதல் சிரமம் உண்டு. திருச்சி, வேலூர், கரூர்ப் பக்கம் வெயில் கடுமையென்றாலும் காற்று உலர்ந்திருக்கும், வியர்வை காயும். கடற்கரை ஊரில் காற்றே ஈரம், அதனால் காயாது. அதைத்தான் புழுக்கம் என்கிறோம். மண்பானைத் தண்ணீர் எங்கள் ஊரில் சில்லென்று இருப்பதும், சென்னையில் அந்த அளவு குளிராததும் இதனால்தான். எனவே வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு "இன்னைக்கு 36 தானே" என்று கடற்கரை ஊரில் பிள்ளையை விளையாட அனுப்பிவிட முடியாது.

வேர்க்குருவும் இந்தக் கதையின் பகுதிதான். வியர்வைக் குழாயின் வாய் அடைபட்டு, வெளியே வரவேண்டிய வியர்வை தோலுக்கடியிலேயே கசிவதால் சிவந்து முள்முள்ளாய் எழும்புகிறது. கைக்குழந்தையின் குழாய்கள் முற்றாதவை, சீக்கிரம் அடைபடும். அதன்மேல் பவுடரை அள்ளிக் கொட்டினால் பவுடரும் வியர்வையும் சேர்ந்து பசையாகி இன்னும் அடைக்கும். பறக்கிற தூள் குழந்தையின் நுரையீரலுக்கும் நல்லதல்ல. எண்ணெய் தேய்க்கிற பழக்கம் இருந்தால் நன்றாகக் கழுவிவிடுங்கள். நுங்குத் தண்ணீர் தடவுவது இதமாக இருக்கும்; காய்ந்து பிசுபிசுப்பதற்குள் அலசிவிட வேண்டும். தளர்ந்த பழைய பருத்தித் துணி, இரண்டு வேளைக் குளியல், மதியத்தில் டயப்பரைக் கழற்றி வைப்பது, இவ்வளவும் செய்தால் பெரும்பாலும் தானே அடங்கும். சீழ் வைத்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

குளியலைப் பற்றிச் சொல்லும்போதே ஒன்று. பிற்பகலில் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கொதித்துக் கிடக்கும், முக்கியமாகக் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால். குழாயைத் திறந்ததும் குழந்தைமேல் பிடித்துவிடாதீர்கள். வாளியில் பிடித்து, கையை விட்டுப் பார்த்து, ஆறவைத்து ஊற்றுங்கள்.

அடுத்து அவள் கேட்டதுதான் எல்லா வீட்டுப் பிரச்சினையும். "பகலெல்லாம் எப்படியோ ஓட்டிடறேன்க்கா. ஏழு மணிக்கு மேலதான் ரெண்டும் அழுது தீர்க்குது. வெயில்தான் போயிடுச்சே?"

வெயில் போய்விட்டது, வீட்டுக்குள் வந்த வெப்பம் போகவில்லை. கான்கிரீட் தளம் காலை முதல் வெயிலைக் குடிக்கிறது. அந்த வெப்பம் தளத்தின் கனத்தைத் தாண்டி உட்கூரைக்கு வந்து சேரச் சில மணி நேரம் பிடிக்கும். ஆக, வெளியே காற்று இதமாகிற நேரத்தில்தான் உள்ளே கூரை சுடத் தொடங்குகிறது, நள்ளிரவுவரைகூட வெப்பத்தைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். கையைத் தூக்கினாலே தெரியும். தூக்கம் வருவதற்கு உடம்பின் உள்வெப்பம் சற்று இறங்கியாக வேண்டும், இது குழந்தைக்கும் நமக்கும் பொது. தலைக்குமேல் சுடுகிற கூரையிருந்தால் அது இறங்காது. பிள்ளைக்குத் தூக்கம் வருகிறது, ஆனால் உறங்க முடியவில்லை. அந்த அழுகையைப் பிடிவாதம் என்று நினைத்து அடிக்கிற வீடுகளைப் பார்க்கிறேன். எனக்கு மனம் பொறுப்பதில்லை.

பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தேக்குச் சட்டத்தின்மேல் செங்கல்லைச் சாய்த்து அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து கனமாகத் தளம் போட்டிருப்பார்கள். கூரை உயரமும் அதிகம். இப்போதைய அடுக்குமாடியின் கடைசித் தளத்தில் வாடகைக்கு இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. செய்யக்கூடியதைச் செய்யலாம். வெள்ளைச் சுண்ணாம்பையாவது கோடைக்கு முன் மொட்டை மாடியில் அடிக்க வீட்டுக்காரரைச் சம்மதிக்க வையுங்கள், வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். தண்ணீர் வசதி இருந்தால் வெயில் தாழ்ந்ததும் தளத்தை நனைக்கலாம். காலை ஒன்பது மணிக்கு மேல் வெயில் படுகிற பக்கத்து ஜன்னல்களைச் சாத்தி, இரவில் எல்லாவற்றையும் திறங்கள். பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. கட்டிலைவிடத் தரை நல்லது, சூடான காற்று மேலேதான் தங்கும். கோரைப்பாய் விரித்து, மேற்குச் சுவரை விட்டுத் தள்ளிப் படுக்கவையுங்கள். அந்தச் சுவர்தான் சாயங்கால வெயிலை முழுக்க வாங்கியது. தூளி கட்டியிருந்தால் துணி இருபுறமும் வந்து மூடிக்கொள்ளாமல் தொட்டில் கம்பு கொடுத்து அகலமாக வையுங்கள், முதுகைத் தொட்டுத் தொட்டுப் பாருங்கள். ஏழு மணிக்கு ஒரு குளியல். ஐஸ் தண்ணீர் வேண்டாம். சாதாரணத் தண்ணீரே போதும். குழந்தை உறங்க ஒன்பது, ஒன்பதரை ஆகிறதென்றால் ஆகட்டும். மதியம் உறங்கட்டும், காலையில் ஆறு மணிக்கே எழுந்து விளையாடட்டும். கோடையில் பொழுது அப்படித்தான் மாறும். பிள்ளையோடு மல்லுக்கட்டுவதைவிடக் கடிகாரத்தை நகர்த்துவது எளிது.

தண்ணீர். நாலு மாதக் குழந்தைக்கு "தாகமா இருக்கும், ரெண்டு சங்கு தண்ணி குடு" என்று அவள் மாமியார் சொல்கிறாராம். அன்பில் சொல்கிறார், அத்தையிடம் சண்டை போட வேண்டாம். ஆனால் கொடுக்கவும் வேண்டாம். தாய்ப்பாலில் 88 விழுக்காடு தண்ணீர்தான். ஆறு மாதம்வரை எவ்வளவு வெயிலடித்தாலும் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலகச் சுகாதார அமைப்பின் அறிவுரை. சின்ன வயிற்றில் தண்ணீர் நிரம்பினால் பால் குடிப்பது குறையும், சுத்தமில்லாத தண்ணீரென்றால் வயிற்றுப்போக்கும் வரும். வெயில் நாளில் குழந்தை அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கேட்கும், கேட்டபோதெல்லாம் கொடுங்கள். சங்குத் தண்ணீரை அம்மா குடிக்கட்டும்.

பையனுக்கு வேறு சிக்கல். விளையாட்டு மும்முரத்தில் தாகம் தெரியாது. 2019இல் கேரளப் பள்ளிகள் சிலவற்றில் 'வாட்டர் பெல்' என்று தனியாக மணியடித்துத் தண்ணீர் குடிக்க வைக்கத் தொடங்கியது இதற்காகத்தான். வீட்டிலும் அப்படி வைக்கலாம். விளையாடப் போகும்முன் அரை டம்ளர், வந்ததும் அரை டம்ளர், நடுவில் கூப்பிட்டு இரண்டு மடக்கு. எத்தனை லிட்டர் என்று அளக்க வேண்டாம், சிறுநீரைப் பாருங்கள். வெளிர்மஞ்சளாக, மூன்று நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை போனால் சரி. நீர்மோர், இளநீர், வெள்ளரிப்பிஞ்சு, பழையசோற்று நீராகாரம் எல்லாம் கணக்கில் சேரும். புட்டியில் அடைத்த சர்க்கரைத் தண்ணீர் சேராது.

ஓஆர்எஸ் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இங்கேதான் ஏமாறுகிறோம். உப்பும் குளுக்கோஸும் குறிப்பிட்ட அளவில் சேர்ந்திருந்தால் குடல் இரண்டையும் சேர்த்து உள்ளே இழுக்கும், கூடவே தண்ணீரும் போகும். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மஹலனாபிஸ், சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில், இந்தக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமானோரைப் பிழைக்க வைத்தார். முப்பது விழுக்காடு வரை போன சாவு நாலு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. சிறப்பு முழுக்க அந்த அளவில்தான் இருக்கிறது. லிட்டர் பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும், ஒரு நாளுக்குமேல் வைத்திருக்கக் கூடாது. டம்ளர் தண்ணீரில் கண்ணளவாகக் கொஞ்சம் தூளைப் போட்டுக் கலக்குவது ஆபத்து, உப்பு ஏறிவிடும். ஓஆர்எஸ் என்று பெயர் போட்டுக்கொண்டு பழச்சுவையில் அட்டைப் பெட்டியில் விற்ற பானங்கள் பலவற்றில் சர்க்கரை மிக அதிகம். வயிற்றுப்போக்கில் அது நிலைமையை மோசமாக்கும். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரை அவை தாங்கக் கூடாது என்று தடுத்தது. வாங்கும்போது பாக்கெட்டில் உலகச் சுகாதார அமைப்பின் சேர்மானம் என்று இருக்கிறதா பாருங்கள். வெயிலில் விளையாடி வந்த பிள்ளைக்குச் சாதாரணமாக இது தேவையுமில்லை. வாந்தி, பேதி, அதிக வியர்வையால் சோர்வு என்றால்தான்.

மாம்பழம் சூடு, கட்டி வரும் என்பார்கள். வேனல் கட்டி வருவது வியர்வையில் ஊறி உராய்ந்த தோலில் கிருமி புகுவதால், பழத்தால் அல்ல. ஆனால் மாங்காயின் காம்புப் பால் வாயோரத்தில் பட்டால் புண்ணாகும். பழத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டு அலசுகிற பழக்கம் அந்தப் பாலைப் போக்கிவிடுகிறது. நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள். நுங்கு கொடுப்பதில்தான் கவனம் வேண்டும். வழுக்குகிற முழுக் கண்ணைச் சின்னப் பிள்ளை வாயில் போட்டால் தொண்டையில் போய் அடைத்துக்கொள்ளலாம். தோல் சீவி, சிறுசிறு துண்டாக்கி, உட்காரவைத்துக் கொடுங்கள். திராட்சையையும் நீளவாக்கில் நாலாக நறுக்குங்கள்.

கோடையில் எனக்கு மிகப் பயம் தருவது வெயில்கூட இல்லை, வாளி. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற மாதங்கள் இவை. குடம், வாளி, டிரம், அண்டா எல்லாம் நிரம்பி நிற்கும். தவழ்கிற குழந்தைக்கும் தத்தித் தத்தி நடக்கிற குழந்தைக்கும் தலைதான் கனம். வாளிக்குள் எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால் தானாக நிமிர முடியாது. சில அங்குலத் தண்ணீரே மூச்சை நிறுத்திவிடும், சத்தமும் வராது. பிடித்த தண்ணீருக்கு இறுக்கமான மூடி போடுங்கள். குளியலறைக் கதவுக்கு வெளித்தாழ்ப்பாள் வையுங்கள். டப்பில் விளையாட விட்டால் கைபேசியைத் தள்ளி வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்காருங்கள், முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். செடிக்கு ஊற்றலாம்.

உடம்பு சுட்டால் காய்ச்சலா, வெயிலா என்று எப்படித் தெரியும்? காய்ச்சலில் மூளையே உடம்பின் வெப்ப இலக்கை உயர்த்தி வைக்கிறது. பாராசிட்டமால் அந்த இலக்கைக் கீழே இறக்கும். வெயில் தாக்கும்போது இலக்கு மாறுவதில்லை, உடம்பால் வெப்பத்தை வெளியேற்ற முடியவில்லை, அவ்வளவுதான். அங்கே பாராசிட்டமாலுக்கு வேலையில்லை. வெயிலில் இருந்துவந்த பிள்ளை 104 டிகிரி ஃபாரன்ஹீட் சுட்டு, பிதற்றினாலோ, கூப்பிட்டால் திரும்பாமல் துவண்டு கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை துணியைக் களைந்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். முதல் வேலை குளிரவைப்பது. நினைவு தப்பிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 இருந்தாலே, வெயிலோ காய்ச்சலோ, நேரே மருத்துவரிடம் போங்கள். அழுதால் கண்ணீர் வராதது, உச்சிக்குழி உள்வாங்கியிருப்பது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, இவையும் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்.

நிறுத்திய காரில் "ரெண்டு நிமிஷம்தான்" என்று பிள்ளையை விட்டுப் போகவே கூடாது. பத்து நிமிடத்தில் உள்ளே பத்து டிகிரி செல்சியஸ் ஏறிவிடும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும்.

கிளம்பும்போது அவள் கேட்டாள்: "மே மாசம் பெங்களூர்லருந்து நாத்தனார் பிள்ளைங்க வருதுங்கக்கா. இவனுக்குதான் அதுக்குள்ள பழகிடுமே, எல்லாத்தையும் ஒண்ணா விளையாட விடலாம்ல?" விடலாம். ஆனால் இவனுக்குப் பழகியிருக்கும், அவர்களுக்கு வெயில் அன்றுதான் தொடங்குகிறது. ஊரில் வந்து இறங்கிய முதல் வாரம் காலை எட்டரைக்குள்ளும் மாலை ஐந்துக்கு மேலும் மட்டும் தெருவில் விடு; மதியம் வீட்டுக்குள் தாயக்கட்டையும் பல்லாங்குழியும் இருக்கட்டும், சோழியும் புளியங்கொட்டையும் பாப்பாவுக்கு எட்டாத உயரத்தில். இரண்டாம் வாரம் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டு. நுங்கு சாப்பிட்ட கூந்தலைத் தூக்கிப் போடாதே. இரண்டு கூந்தலைக் குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளினால் நுங்கு வண்டி. பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு இவனே செய்துகாட்டட்டும்.